பெயர் எழுதிய கோதுமை

தெமெலினாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் துறைமுகத்தில் எல்லாரும் முதல் பாதியைத்தான் சொல்வார்கள். கடலில் மூழ்கிப்போன நொமிகோஸைத் தேடிச் செத்தவர்கள் இருக்கிற ஹேடிஸின் வாசல் வரைக்கும் போனாள், அங்கே இருக்கிற ராணியிடம் பேசி அவனை மேலே கூட்டிவந்தாள், அத்தோடு கதை முடிந்தது என்பார்கள். காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு விதமாக அளப்பார்கள். ஒருத்தன் அவள் கையில் வாள் இருந்தது என்கிறான். வாளாம். அவள் தலையில் எங்கள் ரொட்டிக்கடைத் தட்டு இருந்தது. அதில் ரொட்டியை அடுக்கி வைத்தவள் நான்.

என் பெயர் போப்பி. தெமெலினா என் சித்தப்பா மகள். எனக்கும் அவளுக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம். சித்தப்பா மிகேஸ் கடற்பஞ்சு எடுக்கப் போகிறவர். தட்டைக் கல்லை அணைத்துக்கொண்டு கடலில் குதிப்பார், பஞ்சோடு மேலே வருவார். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் குதித்தவர் வரவே இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவள் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அதனால் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். பத்து வயதிலிருந்தே தலையில் சும்மாட்டை வைத்து, அதன் மேல் ரொட்டித் தட்டை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். அப்பா ஞாபகம் வந்துவிட்டால் மட்டும் படகுத்துறையில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் போனால் குதறி எடுத்துவிடுவாள்.

நொமிகோஸும் பஞ்சு எடுக்கிறவன்தான். தினமும் கடைக்கு வந்து எள் ரொட்டி வளையம் ஒன்று வாங்குவான், தீய்ந்துவிட்டது என்று அவளிடம் குறை சொல்வான், மறுநாள் திரும்ப வருவான். அவன் எதற்கு வருகிறான் என்று ஊருக்கெல்லாம் தெரிந்தும் அவளுக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. புரிந்த பிறகு அவனை யாராலும் அவளிடமிருந்து பிரிக்க முடியவில்லை. அந்தச் செப்டம்பரில் அவன் மூழ்கினான், கயிறு மட்டும் மேலே வந்தது. ஊரே அழுதது. அவள் அழவில்லை. நாற்பதாம் நாள் காலையில் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஏழு ரொட்டியைத் தட்டில் வைக்கச் சொன்னாள்.

"எந்த வீட்டுக்குடீ?" என்று கேட்டேன்.

"கீழ இருக்கிறவ வீட்டுக்கு," என்று சொல்லிவிட்டு, கீழுலகத்துக்கு வழி என்று சொல்கிற, அலை குடைந்த குகைக்குள் தட்டோடு இறங்கிப் போய்விட்டாள்.

கீழே இருக்கிறவள் யாரென்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். கோதுமையை விளைய வைக்கிற தாயின் மகள், பூப்பறித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகப்பட்டவள். கீழே மாதுளை விதை தின்றுவிட்டதால் முழுசாக வீடு திரும்ப முடியாமல் போனவள். ரொட்டி வாசனை பட்டதும் அந்த ராணிக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆறு ரொட்டியை வாங்கிக்கொண்டு, "கூட்டிட்டுப் போ. அவனோட அம்மா வீட்டு வாசப்படியை ரெண்டு பேரும் தாண்டற வரைக்கும் நீ திரும்பிப் பார்க்கக் கூடாது," என்றாளாம். தெமெலினா என்ன செய்தாள் தெரியுமா, ஏழாவது ரொட்டியைத் தட்டிலேயே விட்டு, அதை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டாள். தட்டு தலையில் இருந்தால் எங்கள் கழுத்து திரும்பாது. அவளுக்கு அது ஒன்பது வருஷப் பழக்கம்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஆனால் அவள் திரும்பிப் பார்க்காததால் ஒன்றை அவளும் பார்க்கவில்லை, ஊரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அதே காலையில் கோயிலில் நொமிகோஸுக்கு நாற்பதாம் நாள் பூசை. அவன் அம்மா செவஸ்தி அத்தை கோலிவா செய்து கொண்டுவந்திருந்தாள். கோதுமையை வேகவைத்து, மாதுளை விதையும் திராட்சையும் வாதுமையும் கலந்து, மேலே சர்க்கரையைப் பரப்பி, நடுவில் வெள்ளி மிட்டாய் மணிகளால் செத்தவன் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருந்தாள். பூசை முடிந்ததும் அதைப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுப்போம். வாங்குகிறவர் "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிடுவார். தட்டில் ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எழுத்து இருக்கிற நடுப்பகுதியைத் தொடாமல் விட்டு, கடைசியில் செத்தவனுடைய அம்மாவிடம் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு வாசலில் கரண்டியோடு நின்றது நான். செவஸ்தி அத்தை வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

ஃபோதினிக் கிழவி மூன்றாவது தடவையாகக் கையை நீட்டினாள்.

"ஏற்கனவே ரெண்டு வாங்கிட்டீங்க," என்றேன்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் வீட்டுக்காரருக்கு. இது பூனைக்கு."

"பூனை வந்து அவனுக்காக வேண்டிக்கப் போகுதா?"

"உன்னைவிட நல்லா வேண்டிக்கும்."

எனக்கு வந்ததே கோபம். அழுது அழுது தலை வலித்துக்கொண்டிருந்த நேரம், இந்தக் கிழவி வேறு. ஒரு சொல்லுக்கு நாலு சொல் கொடுத்துக்கொண்டே கரண்டியைத் தட்டின் நடுவில் போட்டேன். அள்ளிப் பொட்டலத்தில் கொட்டி, கிழவிக்குக் கொடுக்கக் கூடாது என்ற வீம்பில், அவளுக்குப் பின்னால் நீண்டிருந்த கையில் திணித்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்," என்றது குரல். வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். ஈரத் துணியில், தலையெல்லாம் உப்புப் பூத்து, நாற்பது நாள் பசியோடு நொமிகோஸ் நின்றிருந்தான். யாருக்கான பூசை என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு முன்னால் தெமெலினா தட்டைச் சுமந்துகொண்டு நேராகப் போய்க்கொண்டிருந்தாள். வெறும் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவள் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரத்தில் செவஸ்தி அத்தை வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது, மணி அடித்தார்கள், ஊரே சிரித்தது. நான் தட்டின் நடுவைப் பார்த்தேன். எழுத்து இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், அதில் மண்ணைப் போட மனசு வரவில்லை. மாதங்கள் போகப் போக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கம். அவனும் நன்றாகத்தான் இருந்தான். மறுபடியும் ரொட்டி தீய்ந்துவிட்டது என்று குறை சொன்னான். பெந்தெகொஸ்தேவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

ஈஸ்டர் வந்தது. ஈஸ்டரன்று செத்தவர்களை வெளியே விடுவார்கள், ஐம்பது நாள் நம்மோடு நடமாடிவிட்டுப் பெந்தெகொஸ்தேயன்று திரும்பப் போவார்கள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நாம் அவர்களைப் பார்ப்பதில்லை. ஈஸ்டர் முடிந்த மூன்றாம் நாள் நொமிகோஸ் கடைக்கு வந்தவன், வாசலில் ஒதுங்கி நின்று, "நீங்க முதல்ல வாங்க தாத்தா," என்றான். பக்கத்தில் ஆள் இல்லை.

"யாரைச் சொல்றே?" என்று தெமெலினா கேட்டாள்.

"பந்தெலிஸ் தாத்தாவை. ஏன், உனக்குத்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பந்தெலிஸ் தாத்தாவைப் புதைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதன் பிறகு அவன் சட்டை ஓரம் எப்போதும் நனைந்தே இருந்தது. வெயிலில் காயப்போட்டாலும் உப்புக் கோடு போகவில்லை. கையைத் தொட்டால் கிணற்று வாளியைத் தொட்ட மாதிரி ஜில்லென்றிருக்கும். தெமெலினா அவனுக்குக் காய்ச்சல் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே மாவு பிசைந்தேன்.

பெந்தெகொஸ்தேவுக்கு ஆறு நாள் முன்பு, திங்கட்கிழமை நண்பகலில் ஒரு ஆள் கடைக்கு வந்தார். ஜூன் மாத வெயிலில் கறுப்புக் கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டிருந்தார். செருப்பில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. எள் ரொட்டி ஒன்று கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தாரே தவிர, வாயில் வைக்கவில்லை.

"போப்பி நீங்கதானே?"

"ஆமா. நீங்க வெளியூரா?"

"எல்லா ஊரும்தான்." ரொட்டியைக் கீழே வைத்தார். "போன வருஷம் கோயில் வாசல்ல உங்க கையால ஒருத்தன் சாப்பிட்டான்."

எங்கள் பாட்டுகளிலும் ஒப்பாரியிலும் வருகிற ஹாரோஸ் இவர்தான், உயிரைக் கூட்டிப்போகிறவர். குதிரையில் வருவார் என்றுதான் கேட்டிருந்தேன்.

"தெரியாமக் குடுத்ததுங்க," என்றேன்.

"தெரியாமக் குடுத்தாலும் தின்னது தின்னதுதான். செத்தவன் பேரை எழுதிப் படைச்ச கோதுமையை அந்தப் பேர்க்காரனே தின்னுட்டான். பேர் எங்ககிட்ட வந்துருச்சு. ஆளும் வரணும்ல?"

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை பூசையில எல்லாரும் மூணு தடவை மண்டி போடுவீங்களே, அப்ப. மூணாவது தடவை."

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"அந்தப் பொண்ணுகிட்ட நேராப் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரலை. எனக்கும் மனசு இருக்குன்னு உங்க ஊர்ல யாரும் நம்பறதில்லை."

அவர் போனதும் பின்கட்டுக்குப் போனேன். தெமெலினா கல்யாண ரொட்டிக்கு மாவில் இலையும் பூவும் செய்து பழகிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பூனை விஷயம் உட்பட. ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மாவுக் கையாலேயே ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"ஏழு மாசம்," என்றாள். "ஏழு மாசமா என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கே. எப்படிடீ தூக்கம் வந்துச்சு உனக்கு?"

"வரலை."

"வராதது எனக்கு எதுக்கு உதவும்? அன்னைக்கே சொல்லியிருந்தா குகைக்குத் திரும்ப ஓடியிருப்பேன். ராணி காலையே பிடிச்சிருப்பேன்." மேசையிலிருந்த மாவுப் பூவையெல்லாம் ஒரே கையில் நசுக்கினாள். "அந்த ஆள் எங்க?"

காப்பிக்கடைக்கு வெளியே, படகுத்துறை ஓரமாக ஒரு மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் பெண்கள் அங்கே உட்காருவதில்லை. தெமெலினா மாவு ஏப்ரனோடு போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். இன்றைக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த நாளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த நாற்காலி ஒன்றுதான். ஒரு மாதம் அதையே பேசினார்கள்.

"எனக்கு வாக்கு குடுத்தீங்க," என்றாள்.

"ராணி குடுத்தாங்க, காப்பாத்தியும் விட்டாங்க. நீ திரும்பிப் பார்க்கலை, அவங்க அவனை விட்டுட்டாங்க. நடுவுல அவன் தின்னதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அது எங்க கோதுமை. மேல விளைஞ்சது. எங்க அத்தை அடுப்புல வெந்தது. உங்க சாப்பாடு இல்லை."

"பேரை எழுதற வரைக்கும் உங்களுது."

"மறுபடியும் கீழ வந்து கேட்டா?"

"அந்தக் கதவு ஒரு தடவைதாம்மா."

"அப்ப வேற வழி என்ன? இல்லைன்னு சொல்லாதீங்க. ஒண்ணுமே இல்லைன்னா நீங்க ஆறு நாள் முன்னாடியே வந்து இங்க உக்காந்திருக்கமாட்டீங்க."

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிடிக்காத வேலையைச் செய்கிறவர் முகம் அது. "அன்னைக்குப் பார்க்காமக் கூட்டிட்டு வந்தே. இந்தத் தடவை பார்க்கணும். மண்டி போட்டு எல்லாரும் கண்ணை மூடறப்ப, நீ மட்டும் திறந்து வெச்சு அவனையே பார்க்கணும். மூணு தடவையும். உன் கண்ணு அவன் மேல இருக்கற வரைக்கும் என்னால அவனைத் தொட முடியாது. ஒரு நொடி வேற பக்கம் போச்சுன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். இதுவரைக்கும் ஒருத்தராலயும் முடியலை."

"ஏன்?"

"அன்னைக்கு அந்தக் கோயில் வாசல் வழியா அவங்கவங்க செத்த ஆளுங்களும் போவாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அப்பா பதினோரு வருஷமா வந்துட்டுப் போறார். ஒவ்வொரு வருஷமும் கோயில் வாசல்ல நின்னு உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கண்ணை மூடியிருக்கறவங்களுக்குக் கேட்காது. திறந்திருந்தாக் கேட்கும்."

தெமெலினா எழுந்து நடந்தாள். பாதி வழியில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பதினோரு வருஷமாக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கார் போப்பி," என்றாள். "நான் கடலைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்." அப்போதுதான் அழுதாள். நொமிகோஸுக்குக்கூட அழாதவள்.

அவனிடம் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் ரொம்ப நேரம் தன் ஈரச் சட்டை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"நீ உங்க அப்பாவைப் பாரு," என்றான். "நான் ஒரு தடவை போய்ட்டு வந்தவன், எனக்கு அந்த இடம் பழக்கம். அவரைப் பார்க்க உனக்கு வேற நாள் கிடைக்காது."

"வாயை மூடிட்டு எனக்கு எதிர்ல வந்து மண்டி போடு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்தே, கொன்னுடுவேன்."

"செத்தாச்சேம்மா ஒரு தடவை," என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துச் சூடாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் நகரவும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் தரையெல்லாம் வால்நட் இலை பரப்பியிருந்தார்கள். அந்த இலையில்தான் மண்டி போடுவோம், ஒரு கை இலையை எடுத்துக் கண்ணில் வைத்து மூடிக்கொள்வோம். போகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்துவிட்டால் போக மனசு வராமல் தவிப்பார்கள் என்பதற்காக. எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். நொமிகோஸ் நடைபாதை ஓரத்துக்கு வந்து எங்களைப் பார்த்தமாதிரி நின்றான். தெமெலினாவும் இந்தப் பக்கம் ஓரத்தில் நின்றாள். இருவருக்கும் நடுவில் நாலு முழம் இருக்கும். நான் அவளுக்குப் பக்கத்தில்.

"நீ கண்ணைத் திறக்காதே," என்றாள் என்னிடம். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்தார், மண்டி போட்டோம். எழுந்தோம். இரண்டாவது தடவை மண்டி போட்டோம். அவள் மூச்சு இழுத்து இழுத்து வருவது மட்டும் எனக்குக் கேட்டது. எழுந்தபோது பார்த்தேன், கண் இமைக்காமல் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அவன் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. மூன்றாவது ஜெபம்தான் நீளம். மண்டி போட்டேன், இலையைக் கண்ணில் அழுத்தினேன். எண்ண ஆரம்பித்தேன். நூறுகூட ஆகியிருக்காது, அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. ரத்தம் வருகிற அளவுக்கு.

கண்ணைத் திறந்துவிட்டேன்.

கோயில் நிறைய ஆட்கள். மண்டி போட்டிருப்பவர்களுக்கு நடுவே மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, பூசை முடிந்து போகிற கூட்டம் மாதிரி வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பந்தெலிஸ் தாத்தாவைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டுக்காரர் நொமிகோஸுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கை அவன் தோளுக்கு ஒரு சாண் மேலே காத்திருந்தது.

வாசலில் மிகேஸ் சித்தப்பா. மூழ்கும் கல்லை மார்போடு அணைத்திருந்தார், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"தெமெலினா," என்று கூப்பிட்டார். "தெமெலினா, அப்பா வந்திருக்கேன்மா."

அவள் கண் நொமிகோஸ் மேலேயே இருந்தது. ஆனால் கழுத்து திரும்பத் தொடங்கியது, ஒரு மயிரிழை, அப்புறம் இன்னொரு மயிரிழை. தலையில் தட்டு இல்லை. கறுப்புக் கோட்டுக்காரரின் கை கீழே இறங்கியது.

நான் சித்தப்பாவின் பார்வையைக் கவனித்தேன். அவர் எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. பெண்களுக்கு நடுவில், இடுப்பு உயரத்தில் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண் தெமெலினாவை இரண்டு தடவை தாண்டிப் போனது. அவர் எட்டு வயதுப் பிள்ளையைத் தேடினார்.

எழுந்துவிட்டேன். முழங்காலில் ஒட்டின இலையோடு வாசலுக்குப் போய், அவர் வாய் மறுபடியும் திறப்பதற்குள் எதிரில் நின்றேன்.

"சித்தப்பா," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"யாரும்மா நீ?"

"போப்பி. உங்க அண்ணன் மக."

"போப்பியா? போப்பிக்கு முன்பல் விழுந்திருக்குமே."

"முளைச்சிருச்சு சித்தப்பா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எம் பொண்ணும் பெருசா ஆயிருப்பாளா? இங்கதானே இருக்கா? இதுல எது அவ?"

அவள் எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தாள். கையை நீட்டினால் போதும், அவர் போய் அவள் முகத்துக்கு நேராக நின்றிருப்பார். அதற்கப்புறம் எந்தப் பெண்ணால் பார்க்காமல் இருக்க முடியும்?

"வரலை சித்தப்பா," என்றேன். "காய்ச்சல். வீட்டுல படுத்திருக்கா."

"மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தோம்."

"ஈரத்துல விளையாட விடாதீங்க. அடுத்த வருஷம் கண்டிப்பாக் கூட்டிட்டு வா," என்றார். கல்லைச் சரியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

ஜெபம் முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள், இலையை உதறினார்கள். நொமிகோஸின் சட்டை ஓரம் காய்ந்திருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் என்னைக் கடந்து போகும்போது, "இதுக்கு ஒரு நாள் நீங்க பதில் சொல்லணும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

தெமெலினா அவன் கையை விடாமல் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அது சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சூடாகத்தான் இருந்தது. பிறகு கேட்டாள்: "அப்பா என்ன சொன்னார்? கூப்பிட்டது கேட்டுச்சு, அப்புறம் நின்னுடுச்சு. என்னைப் பார்த்தாரா?"

"பார்த்தார்," என்றேன். "பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டார். அவங்கம்மா மாதிரியே இருக்கான்னு சொன்னார். அடுத்த வாரம் கல்யாணம்னு சொன்னேன். சிரிச்சுட்டே போனார்."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அறைந்ததற்கும் சேர்த்து முத்தம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அறுபது வருஷம் வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகள் பெற்றாள். நொமிகோஸைக் கடல் பக்கமே விடவில்லை, எங்கள் அடுப்பில் நிறுத்தினாள். அவனும் அறுபது வருஷம் ரொட்டியைத் தீய்த்தான். சந்தையில் காய் வாங்கும்போதுகூட நாலு தடவை திரும்பி அவன் இருக்கிறானா என்று பார்ப்பாள். வீட்டுக்குள் மாதுளம்பழம் வரக் கூடாது. படகுத்துறையில் போய் உட்காருவதை விட்டுவிட்டாள். பெந்தெகொஸ்தேதோறும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தன்னைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார் என்று பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அடுத்த வருஷம் சித்தப்பா வந்து வாசலில் நின்று கூப்பிட்டிருப்பார், அதற்கடுத்த வருஷமும். நான் இலையை இறுக்கிக் கண்ணில் அழுத்திக்கொண்டேன். எனக்குத் தைரியம் இல்லை.

ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள் தெமெலினா போய்விட்டாள். இன்று நாற்பதாம் நாள், நாளை பெந்தெகொஸ்தே. காலையில் கோலிவாத் தட்டில் அவள் எழுத்தை வெள்ளி மணிகளால் வைத்துக்கொண்டிருந்தேன். நொமிகோஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். எண்பத்து மூன்று வயது.

"போப்பி, அவ எழுத்துக்குப் பக்கத்துல என் எழுத்தையும் வை."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அவ கண்ணு எரிய எரிய உன்னைப் பிடிச்சு வெச்சது இதுக்குத்தானா?"

"பிடிச்சு வெச்ச கண்ணு மூடிருச்சே," என்றான். "இப்ப என்னை யாரு திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க? கீழ இருட்டு போப்பி. அவ தனியாப் போகப்போறா. எனக்கு அந்த வழி தெரியும்."

கையிலிருந்த மணிகளைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா அவளைக் கண்டுபிடிக்கவில்லை, சிரிக்கவில்லை, காய்ச்சல் என்று நான் பொய் சொன்னேன், இன்னும் அவர் எட்டு வயதுப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார். நாளைக்கு அவள் தெரிந்த முகமென்று ஆசையாக அவர் முன்னால் போய் நிற்பாள், அவர் யாரும்மா நீ என்று கேட்பார்.

நொமிகோஸ் ஒரு வெள்ளி மணியை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். "அவ உன்னை அடிப்பா," என்றான்.

"அடிக்கட்டும். இன்னொரு கன்னம் இருக்கு."

அவன் எழுத்தை வைத்தேன், அவளுடையதுக்குப் பக்கத்தில், சின்னதாக. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கரண்டியோடு நின்றேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, ஓரத்திலிருந்து அள்ளிக் கொடுத்தேன். அவன் வந்ததும் அவன் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன். பிறகு கரண்டியை நடுவில் போட்டேன். பொட்டலத்தைக் கவிழ்த்து ஒரு விதை மிச்சமில்லாமல் தின்றான்.

"நாளைக்கு நீ கண்ணை மூடிக்க போப்பி," என்றான். "நாங்க போறதைப் பார்த்தா அழுவே."

"மூடமாட்டேன்," என்றேன். "சித்தப்பா வருவார், எம் பொண்ணு எதுன்னு கேட்பார். இந்தத் தடவை நான் கை காட்டணும்."